பாங்ஸியா வீதியைக் கடந்த வீடு

செல்வரட்ணத்தின் வீடு ஒரு சனிக்கிழமை காலையில் பாங்ஸியா வீதியைக் கடந்தது. புட்டு அவிந்துகொண்டிருந்த நேரம் மேற்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, மத்தியானச் சோறு வடிக்கிற நேரம் கிழக்குப் பக்கத்தில் போய் நின்றது. கூரையில் ஒரு ஓடு அசையவில்லை, அடுப்பில் இருந்த பருப்பு தளும்பவில்லை. அந்த வீதியால் போகிற பஸ் அன்றைக்குச் சுற்றிப் போனது. நகரசபைக்காரன் ஒருவன் வந்து வீட்டுக்குப் பின்னால் செம்மஞ்சள் கூம்புகளை வைத்தான். வீடு நகர நகர அவற்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்த் திரும்ப வைத்தான். சனிக்கிழமை வேலைக்குக் கூடுதல் சம்பளம் என்பதால் அவனுக்கு அவசரம் ஏதும் இருக்கவில்லை. பிறகு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நிலம் வழுக்கியது என்றார்கள், கறையான் என்றார்கள், போனில் எடுத்த படத்தை வெட்டி ஒட்டிப் போட்டார்கள். அதையெல்லாம் நம்புகிறவன் நம்பட்டும். காரணம் ஒரு பந்து. அதைச் சொல்வதற்கு முதலில் பள்ளிக்கூடத்தைச் சொல்லவேண்டும்.

மெல்பேண் நகரின் ஸ்பிரிங்வேலில் மீன் வாங்கிக்கொண்டு ரோவில் பக்கம் போகிற வழியில் எல்ம்ஃபோர்ட் என்று ஒரு பழைய புறநகர் இருக்கிறது. அங்கே இருக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வயது நூறை நெருங்குகிறது. சிவப்புச் செங்கல் கட்டடம், உச்சியில் மணிக்கூடு. தோட்டக்காரர்களும் மாட்டுப்பண்ணைக்காரர்களும் தங்கள் பெண் பிள்ளைகளைப் படிப்பிக்கவென்று தொடங்கியது. தூரத்துப் பிள்ளைகள் தங்க மேற்குப் பக்கமாக, பாங்ஸியா வீதி ஓரத்தில், ஒரு விடுதி கட்டினார்கள். விடுதியின் வாசல் வீதியைப் பார்க்கவில்லை, பள்ளிக்கூடத்தைப் பார்த்தது. மூன்று கல்படி இறங்கினால் பக்கத்துக் கேற்றுக்குள் போய்விடலாம். ஒரு கோடை விடுமுறையில், பிள்ளைகள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்த நேரம், விடுதி எரிந்துபோனது. படிகள் மூன்றும் மிஞ்சின. பிறகு அந்தக் காணியை விற்கப் பார்த்தார்கள். நில அளவைக்காரன் காலையில் அடித்த முளைகள் எல்லாம் மாலையில் பள்ளிக்கூட வாசலில் கிடந்தன. பள்ளிக்கூடம் தன்னுடையதை வெளியே விடாது. அது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மதிலுக்கு மேலால் போன பந்து பொழுதுபடுவதற்குள் தானாக உருண்டு வரும். ரயிலில் காற்று அடித்துக்கொண்டு போன தொப்பி மறுநாள் கொழுவியில் தொங்கும். ட்ராமில் ஒரு பிள்ளை மறந்துவிட்ட செல்லோ வாத்தியம், அடுத்த நாள் காலை கேற்றில் சாய்ந்து நின்றது, மழையில் நனையாமல். அதனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் பந்து தேடிப் போவதில்லை. புதிதாக வந்த விளையாட்டு வாத்தியார் ஒருவர் ஒருமுறை தேடிப் போனார். அதைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

செல்வரட்ணம் வவுனியாவில் லொறி ஓட்டியவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இங்கே வந்து டாண்டினோங்கில் மெத்தைத் தொழிற்சாலையில் முதுகு போகும்வரை வேலை செய்தார். அவர் யாரையும் நம்பமாட்டார். வங்கியை நம்பமாட்டார், டொக்டரை நம்பமாட்டார், டீவியில் மழை வராது என்றால் குடையை எடுத்துக்கொண்டுதான் போவார். ஸ்பிரிங்வேலில் இருந்த காலத்தில் ஒரு தடவை கள்ளன் புகுந்தபிறகு, ஊரிலிருந்து கொண்டுவந்த றங்குப்பெட்டியைத் தரைப் பலகைக்கும் அதற்குக் கீழே போகிற உத்தரத்துக்கும் சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்கினார். வீடு மாறியபோதும் அதேபோல் இறுக்கினார். அதற்குள் எல்லாருடைய பாஸ்போட்டும், காலமான மனைவியின் தாலிக்கொடியும் இருந்தன. பூட்டுக்கு மேல் பூட்டு. திறப்பு எப்போதும் அவர் இடுப்பில்தான். வீட்டைத் தூக்கினால் ஒழிய பெட்டியைத் தூக்க ஏலாது என்று பெருமையாகச் சொல்வார்.

எல்ம்ஃபோர்ட்டில் வீடு வாங்கலாம் என்று சொன்னது மகள் நிரூபா. பேத்தி ஆரபி அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. மருமகன் முரளிதரன் வங்கியில் கடன் ஒழுங்கு செய்தான். எந்த வீடு என்பதை மட்டும் செல்வரட்ணம் முடிவு செய்தார். பாங்ஸியா வீதி வடக்குத் தெற்காகப் போகிறது. மேற்குப் பக்கத்து வீடுகள் கிழக்கைப் பார்க்கின்றன, கிழக்குப் பக்கத்து வீடுகள் மேற்கைப் பார்க்கின்றன. வாசல் கிழக்கைப் பார்க்காத வீட்டில் தான் கால் வைக்கமாட்டேன் என்று அவர் நின்றார். அந்த வீதியில் வீடு வாங்கிய தமிழர் எல்லாரும் அப்படியே நின்றவர்கள்தான். அதனால் மேற்குப் பக்கம் முழுவதும் தமிழர், கிழக்குப் பக்கம் கிரேக்கரும் சீனரும் வியட்நாமியரும். ஒருவரும் கேட்காமல் விட்ட கேள்வி, பள்ளிக்கூடத்தின் வலயம் எங்கே முடிகிறது என்பது. பிள்ளைகள் கூடிக்கொண்டு போக அந்த வலயம் வருடாவருடம் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் பாங்ஸியா வீதியின் நடுவில் இருக்கிற வெள்ளைக் கோட்டில் வந்து நின்றுவிட்டது. கோட்டுக்குக் கிழக்கே இருக்கிற பிள்ளைக்கு இடம் உண்டு. மேற்கே இருக்கிற பிள்ளை இரண்டு பஸ் ஏறி வேறு பள்ளிக்கூடம் போகவேண்டும். நல்ல திசை பார்த்து வாங்கிய அத்தனை பேரும் பள்ளிக்கூட மணி காதில் கேட்க, வெளியே நின்றார்கள்.

நிரூபா பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனபோது அங்கே அனுமதிக்குப் பொறுப்பாக மாக்கிறேட் இருந்தார். மன்னார்ப் பெண். நல்ல மனுசிதான், ஆனால் சட்டம் சட்டம்தான். கோட்டுக்கு அங்கால் என்றால் தன் கையில் ஒன்றுமில்லை என்று தமிழிலேயே சொல்லி, சிரித்துக்கொண்டு சொறி என்று மன்னிப்பும் கேட்டு அனுப்பிவிட்டார். அந்தச் சிரிப்பை மகள் வந்து சொல்ல, செல்வரட்ணம் அதை மறக்கவேயில்லை. பக்கத்து வீட்டுக் கோபாலகிருஷ்ணன் திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் வேலை. அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து வழி சொன்னார். எதிர்ப் பக்கத்தில் தன் மச்சினன் வாடகைக்கு இருக்கிறானாம், அவன் விலாசத்தைக் கொடுத்துவிடலாமாம், தன் மகளுக்கும் அப்படித்தான் செய்யப்போகிறாராம். "எல்லாரும் பண்றதுதான் அங்கிள், ஒண்ணும் ஆகாது," என்றார். செல்வரட்ணம் மாட்டேன் என்றார். யோக்கியன் என்பதால் அல்ல. ஊர் பேர் தெரியாத ஒருவனுடைய கரண்ட் பில்லில் தன் பேத்தியின் தலையெழுத்தைத் தொங்கவிட அவருக்கு மனமில்லை. நாளைக்கு அவன் வீடு மாறினால் பிள்ளையும் மாறவேண்டுமோ என்று கேட்டார். கோபாலகிருஷ்ணன் வேலிக்கு அங்கால் இறங்கிக்கொண்டார்.

நிரூபா தகப்பனிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கோப்பைகளை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். ஆரபிதான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல், "இட்ஸ் ஃபைன், அம்மப்பா," என்றாள். அவள் அழுதிருந்தால் பரவாயில்லை என்று அவருக்குப் பட்டது. அதற்குப் பிறகு அவர் கிழக்கு வாசல் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வாசலில் நிற்பதையும் நிறுத்திக்கொண்டார். அங்கே நின்றால் பள்ளிக்கூடத்து மணிக்கூடு தெரியும்.

பந்து வந்தது இதற்கெல்லாம் முன்னால், அந்த வருடத்துக் கோடை முடிகிற காலத்தில். பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஒருத்தி ஓங்கி அடித்த பந்து மதிலைத் தாண்டி, எரிந்த விடுதிக் காணியைத் தாண்டி, வீதியையும் தாண்டி வந்து, செல்வரட்ணத்தின் கறிவேப்பிலைச் சாடியை உடைத்தது. மெல்பேண் குளிரில் அந்தக் கன்றைப் பிழைக்க வைக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். சிவப்புத் தோல் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய் றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பொழுதுபட்டால் தானாகப் போய்விடும், இவர் ஏன் பிடித்து வைத்திருக்கிறார் என்று எதிர்ப் பக்கத்துக் கிரேக்கக் கிழவர் வந்து சைகையில் சொல்லிப் பார்த்தார்.

"வந்து கேட்டாக் குடுப்பன்," என்றார் செல்வரட்ணம். "சாடியை உடைச்சவை ஒரு சொல்லுக் கேக்கட்டும். கேட்ட உடன குடுப்பன். கேக்காட்டில் இல்லை."

ஒருவரும் வரவில்லை. பந்து வரும் என்று பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டிருந்தது, ஆள் வரும் என்று செல்வரட்ணம் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்காலம் முழுவதும் பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. விளையாட்டு இல்லாத காலம் அது. வசந்தம் வந்து, மைதானத்தில் பிட்ச் வெட்டத் தொடங்கியதும் பெட்டிக்குள் தட்டுகிற சத்தம் கேட்டது. எலி என்று பொறி வைத்தார். பிறகு கூரையில் ஏறுகிற பொசம் பிராணி என்று நினைத்து ஏணி போட்டுப் பார்த்தார். பின்னேரங்களில், பிள்ளைகள் பயிற்சி செய்யும் நேரம் மட்டும், பெட்டியின் கிழக்குப் பக்கத்துத் தகரத்தில் டொக்கு டொக்கு என்று இடித்தது. பெட்டி அசையவில்லை, ஏனென்றால் போல்ட் போட்டது செல்வரட்ணம். போல்ட்டும் அசையாது, உத்தரமும் அசையாது என்றால் பிறகு அசைய மிஞ்சியிருப்பது வீடுதான். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம் நடந்த சனிக்கிழமை, மைதானத்தில் நாணயம் சுண்டிய நேரத்தில் வீடு புறப்பட்டது.

அது பழைய பலகை வீடு, கட்டைக் கால்களில் நிற்பது. ஒரு கிழவன் கதிரையை விட்டு எழும்புவது போல முனகிக்கொண்டு எழும்பியது. கரண்ட் கம்பியும் தண்ணீர்க் குழாயும் அறுந்துபோகாமல் ரப்பர் மாதிரி இழுபட்டுக்கொண்டு பின்னால் வந்தன. தபால் பெட்டியும் உடுப்புக் காயப்போடுகிற கம்பமும் வரவில்லை, மேற்கிலேயே நின்றுவிட்டன. செல்வரட்ணம் உள்ளே எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு, நடுக்கூடத்தில் நின்றார். நிரூபா குசினியில் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைக் கோட்டைக் கடந்த நேரம் ஆரபி யன்னலால் எட்டிப் பார்த்து, நாங்கள் உள்ளுக்கு வந்திட்டம் என்று மெல்லச் சொன்னாள். வீடு திரும்பவில்லை, போன முகத்தோடேயே போனது. அதனால் கிழக்குப் பக்கத்தில் நின்றபோதும் வாசல் கிழக்கையே பார்த்தது. வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குசினி யன்னல் ரோட்டைப் பார்க்க, முன்கதவு சரியாகப் பழைய விடுதியின் மூன்று கல்படிகளுக்கு மேல் போய் இருந்தது. கதவுநிலையின் அகலமும் படியின் அகலமும் ஒன்று. திசை பிழைக்கவில்லைத்தானே என்று செல்வரட்ணம் அன்றைக்கே மகளிடம் கேட்டார். நிரூபா பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

மாக்கிறேட் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அதிபர் அம்மாவும் வந்து, படியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புல்லை வெட்டச் சொல்லிவிட்டுப் போனார். காணி பள்ளிக்கூடத்தினுடையது. எடு என்று சொன்னால் எடுக்கவேண்டியதுதான், ஆனால் யார் எப்படி எடுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் தொடங்குகிற நாள் காலை, முதல் மணி அடிக்கிற நேரம் வீடு எங்கே நிற்கிறதோ அதுதான் பிள்ளையின் விலாசம். கிழக்கில் நின்றால் பிள்ளைக்கு இடம், காணிக்குக் காணி மாற்றிக்கொள்ளலாம். மேற்கில் நின்றால் இரண்டும் இல்லை. பள்ளிக்கூடத்து மதிலில் போய் இடித்தால் நகரசபை பாரந்தூக்கி கொண்டுவந்து வீட்டைக் கழற்றும். கோபாலகிருஷ்ணன் விஷயத்தைக் கேள்விப்பட்டு, கடையில் புதுப் பந்து ஒன்று வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் வீடு ஒரு மயிரளவும் அசையவில்லை. கடைப் பந்துக்கு ஓடுவதற்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமா. அவர்தான் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்: இழுபட்டு நிற்கிற கம்பியையும் குழாயையும் பாருங்கள் அங்கிள், பிடி விட்டால் வீடு சுண்டிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துவிடும். அன்றையிலிருந்து செல்வரட்ணத்துக்கு நித்திரை குறைந்தது. பந்தைப் பிடித்து வைத்திருந்தால்தான் வீடு நிற்கும் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. திறப்பை இடுப்பிலிருந்து கழற்றி, கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

நத்தார் விடுமுறைக்கு வீடு அசையாமல் இருந்தது. தை மாத முடிவில் பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வந்தது. கோடை வெயிலில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உள்ளே போகத் தொடங்கியதும் பெட்டி இடிக்கத் தொடங்கியது. இந்த முறை ஒரு பந்தின் இடி மாதிரி இருக்கவில்லை, மாடு முட்டுகிற மாதிரி இருந்தது. வீடு முன்னுக்குச் சரிந்து, கதவைப் படியோடு நெரித்தது. கதவு திறக்க மறுத்தது. கடைசிப் படியில் வெடிப்பு விழுந்தது. இன்னும் சரிந்தால் அடுத்தது பக்கத்துக் கேற், அதற்கடுத்தது ஆசிரியர்களின் கக்கூஸ். ஆரபி புதுச் சீருடையோடு, முழங்கால் மறைக்கிற பாவாடையும் அகலத் தொப்பியுமாய், நடுக்கூடத்தில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். சீருடையை வாங்கவேண்டாம், பொறுத்துப் பார்ப்போம் என்று செல்வரட்ணம் சொல்லியும் நிரூபா வாங்கியிருந்தாள். மாக்கிறேட் மூச்சு வாங்க வந்து வெளியே படியில் நின்றார். பேச்சு பூட்டிய கதவுக்கு ஊடாக நடந்தது.

"ஐயா, பந்து உள்ளுக்குத்தானே இருக்கு?"

"எந்தப் பந்து?"

"கதை விடாதேங்கோ. இடிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

செல்வரட்ணம் கழுத்திலிருந்த திறப்பை இறுக்கிப் பிடித்தார். பிறகு, "விட்டனெண்டா வீடு திரும்பிப் போயிடும்," என்றார். "பிள்ளையின்ர இடம் போகும். நீங்கள் போன முறை மாதிரிச் சிரிச்சுக்கொண்டு சொறி சொல்லுவியள்."

"போகுமோ போகாதோ எனக்குத் தெரியாது ஐயா. நான் அதுக்குப் பொறுப்பெடுக்க ஏலாது. போனா என்னால ஒண்டும் செய்யவும் ஏலாது." மாக்கிறேட் கையால் கதவைத் தொட்டார், தட்டவில்லை. "ஆனா வந்து கேட்டாக் குடுப்பன் எண்டு சொன்னனீங்களாம், ஆரபி சொன்னவள். ஒருத்தரும் வந்து கேக்கேல்லை. அது எங்கட பிழை. உங்கட சாடியை உடைச்சதும் எங்கட பிழை. இப்ப நான் வந்து கேக்கிறன். பந்தைத் தாங்கோ."

இந்த நாட்டுக்கு வந்த நாள்தொட்டு செல்வரட்ணத்துக்கு எல்லாரும் பொறுப்பெடுத்துத்தான் பேசியிருக்கிறார்கள். வங்கிக்காரன் பொறுப்பெடுத்தான், வீடு விற்றவன் பொறுப்பெடுத்தான், முதுகை வெட்டினால் சரியாகும் என்று டொக்டர் பொறுப்பெடுத்தார். பொறுப்பெடுக்க ஏலாது என்று முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் இந்த மன்னார் மனுசிதான். அவர் திரும்பி ஆரபியைப் பார்த்தார். அவள் இந்த முறை ஃபைன் என்று சொல்லவில்லை. "குடுங்கோ அம்மப்பா," என்றாள். "அவ கேட்டுட்டா." அவள் தமிழில் சொன்னதே அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. கழுத்திலிருந்த திறப்பைக் கழற்றிக்கொண்டு போய், ஒரு பூட்டு, அடுத்த பூட்டு என்று திறந்து, பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

பந்து அவர் முகத்துக்கு முன்னால் எழும்பி நிலத்தில் விழுந்து, கூடத்தால் உருண்டது. கதவுக்குக் கிட்டப் போனதும் கதவு, எண்ணெய் போட்ட மாதிரி, தானாகத் திறந்தது. மாக்கிறேட் பாவாடையைத் தூக்கிக்கொண்டு விலகினார். பந்து ஒவ்வொரு படியிலும் ஒருதரம் துள்ளி இறங்கி, பக்கத்துக் கேற்றுக்குள் போய்விட்டது. வீடு பின்னுக்கு ஒருதரம் அசைந்தது. செல்வரட்ணம் கதவுநிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், ஒரு லொறி பள்ளத்தில் பின்னுக்கு உருளும்போது பிடிப்பது போல. நிரூபா குசினியிலிருந்து, "அப்பா," என்று மட்டும் சொன்னாள். பின்னால் கம்பி விம்மியது. குழாய் ஒருதரம் உறுமியது. பிறகு வீடு நீளமாக ஒரு மூச்சு விட்டு, பாரம் சுமந்தவன் இறக்கி வைப்பது போல, நின்ற இடத்திலேயே குந்திக்கொண்டது. கட்டைக் கால்கள் மண்ணுக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. இழுபட்ட கம்பி தளர்ந்து, சாதாரணக் கம்பி போலத் தொங்கியது. அந்த நேரம் முதல் மணி அடித்தது.

மணி அடித்து முடியும்வரை செல்வரட்ணம் கதவுநிலையை விடவில்லை. பிறகு ஒரு கையை எடுத்துப் பார்த்தார். வீடு நின்றது. மற்றக் கையையும் எடுத்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்," என்று பேத்தியிடம் சொன்னார். "பிந்தப்போறாய். போ." ஆரபி மூன்று படியும் இறங்கிக் கேற்றுக்குள் போனாள். படியிலிருந்து வகுப்பறைக்குப் போக, ஒரு மாம்பழம் தின்று முடிக்கிற நேரம்கூட ஆகாது. மாக்கிறேட் அங்கேயே கல்படியில் குந்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ என்று கேட்டார். கொடுத்தார்கள். அன்றைக்கு மத்தியானம் செல்வரட்ணம் கதிரையில் சாய்ந்து, வாய் திறந்து, பின்னேரம்வரை நித்திரை கொண்டார். அப்படி அவர் நித்திரை கொண்டு நெடுங்காலம்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. நகரசபை அந்த வீட்டுக்குக் கிழக்குப் பக்கத்து வரிசைப்படி இரட்டைப்படை எண் கொடுத்தது. தபால்காரன் சில கிழமை மேற்கில் நின்ற பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனான், பிறகு பழகிக்கொண்டு குசினி யன்னலால் நீட்டத் தொடங்கினான். விட்டுவந்த காணியில் பள்ளிக்கூடம் மரக்கறித் தோட்டம் போட்டது. ஒருநாள் வாசலில் புதுச் சாடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று இருந்தது. கிரிக்கெட் விளையாடும் பிள்ளைகள் வைத்தார்கள் என்று ஆரபி சொன்னாள். செல்வரட்ணம் இலையைக் கிள்ளி மணந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினார். கோபாலகிருஷ்ணனின் மச்சினன் வாடகை வீட்டை விட்டு ஜீலோங் போய்விட்டான். அவர் மகள் இரண்டு பஸ் ஏறிப் போகிறாள். அவர் மனைவி விஜயா மட்டும், ஆரபியின் பள்ளிக்கூடத்துப் பழைய பந்து ஏதாவது கிடக்குமா என்று இடைக்கிடை கேட்பதுண்டு.

செல்வரட்ணம் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். றங்குப்பெட்டிக்கு இன்றைக்கும் பூட்டுக்கு மேல் பூட்டுத்தான், வங்கியை இன்றைக்கும் நம்பமாட்டார். ஆனால் இப்போது வீடு மைதானத்துக்கும் வீதிக்கும் நடுவில் நிற்கிறது. கூரைக்கு மேலால் போகிற பந்துகள் பொழுதுபடுவதற்குள் திரும்பி வருவதற்கு வேறு வழியில்லை. அதனால் பின்னேரங்களில் அவர் பின்கதவையும் முன்கதவையும் அகலத் திறந்துவிட்டு, குசினியில் கதிரையைப் போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். வீதிப் பக்கமிருந்து உருண்டு வருகிற சத்தம் கேட்கும். கோப்பையைக் கீழே வைக்கமாட்டார், தலையைத் திருப்பமாட்டார். பந்து கிட்ட வந்ததும் காலைக் கொஞ்சம் தூக்கி, போக வழி விடுவார்.